சிங்கப்பூரா, துபாயா? சம்பளத்தை மட்டும் பார்க்காதீங்க!

இரண்டு ஊரிலிருந்தும் வேலை வந்திருக்கிறது. ‘துபாய்ல டாக்ஸே இல்ல மச்சான்’ என்கிறார் நண்பர். உண்மைதான். ஆனால் கணக்கு அதோடு முடிந்துவிடுமா?

வரி: துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. பொருள் வாங்கினால் வாட் 5%. சிங்கப்பூரில் வருமானம் கூடக் கூட வரி விகிதமும் கூடும், உச்சம் 24%. ஜிஎஸ்டி 2024 முதல் 9%.

வாடகை: இரு ஊரிலும் சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்குவது இதுதான். சிங்கப்பூரில் பெரும்பாலும் மாதாமாதம் கட்டலாம். துபாயில் ஆண்டு வாடகையைச் சில செக்குகளாகப் பிரித்து முன்கூட்டியே கொடுப்பது வழக்கம். போன உடனே கையில் பெரிய தொகை வேணும்.

போக்குவரத்து: சிங்கப்பூரில் கார் வாங்குவது பெருஞ்செலவு, ஆனால் ரயிலும் பஸ்ஸுமே போதும். துபாயில் மெட்ரோ இருந்தாலும் பல பகுதிகளுக்கு கார் தேவை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் நடக்க முடியாது.

குடும்பம்: பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 2025 நிலவரப்படி, நிதித்துறை தவிர்த்த வேலைகளில் சிங்கப்பூரின் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி. மனைவி, குழந்தையை அழைத்துவர 6,000 வெள்ளி வேண்டும். இடையில் மாட்டினால் வேலை உண்டு, குடும்பம் ஊரில்! துபாயில் 4,000 திர்ஹாம் இருந்தாலே ஸ்பான்சர் செய்யலாம். ஆனால் அந்தச் சம்பளத்தில் வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்துவது கஷ்டம்.

ஆகவே, ‘எவ்வளவு தருவீங்க?’ என்பதோடு நிறுத்தாதீங்க. ‘குடும்பத்தைக் கூட்டிட்டு வர முடியுமா?’ என்றும் கேட்டுவிட்டு கையெழுத்துப் போடுங்க.