திகதியினின்று மாதத்தைக் கழித்தல்

முப்பத்தொன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் முப்பது என்பது பாலர் வகுப்புக் கணக்கு. மார்ச் 31 ஆந் திகதியிலிருந்து ஒரு மாதத்தைக் கழித்தால் வருவது யாது? இதற்கு விடை ஒன்றன்று. சங்கங்களின் அங்கத்தவர் இடாப்பும் வங்கிகளின் கடனேடும் இன்று தரவுத்தளங்களிலே இடம்பெற்றுவிட்டமையின், சந்தா நிலுவையுடையோர் யாவரெனக் கணினியை வினவுவோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

2024 ஆம் ஆண்டு மார்ச் 31 இலிருந்து ஒரு மாதம் பின்செல்வோம். போஸ்ற்கிறெஸ், மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளங்கள் பெப்ரவரி 29 என விடை பகரும். இல்லாத 31 ஐ விடுத்து அம்மாதத்தின் கடைசி நாளிலே நின்றுவிடும். எஸ்கியூலைற்றோ, வேறு குறிப்புக் கொடாதவிடத்து, பெப்ரவரி 31 என எண்ணி, மிகுந்த இரு நாட்களையும் முன்தள்ளி மார்ச் 2 என்னும். ஒறக்கிளில் மாத இடைவெளியை நேரே கழித்தால், அத்தகைய திகதி இல்லையெனப் பிழை காட்டி மறுத்துவிடும். எரிச்சலூட்டுவதாயினும் அதுவே நேர்மையான விடை என்பது என் கருத்து.

மாதத்துக்கு நிலையான நீளம் இன்மையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். அதனாலேயே போஸ்ற்கிறெஸ் ஓர் இடைவெளியை மாதம், நாள், நேரம் என மூன்று கூறாகப் பிரித்துச் சேமிக்கின்றது. ‘ஒரு மாதம்’ வேறு, ‘30 நாள்’ வேறு. இன்னொரு பொறியும் உண்டு. மார்ச் 31 இலிருந்து ஒரே முறையில் இரண்டு மாதங்களைக் கழித்தால் ஜனவரி 31 கிடைக்கும். ஒவ்வொரு மாதமாக இருமுறை கழித்தாலோ 2024 இல் ஜனவரி 29 இல் வந்து நிற்போம். தவணைத் திகதிகளைக் கணிப்போர் முந்திய விடையினின்று கழியாது, எப்பொழுதும் மூலத் திகதியினின்றே கழித்தல் வேண்டும். இன்றேல், தவறாது கட்டியவர் மீதும் தாமதக் கட்டணம் விழும்.

நாளும் 24 மணியும் ஒன்றெனக் கொள்வதும் எப்பொழுதும் பொருந்தாது. 2006 ஏப்ரல் 15 பிறந்தபொழுது இலங்கை நேரம், கிறீனிச் நேரத்துக்கு 6 மணி முந்தியதாயிருந்த நிலை மாறி, ஐந்தரை மணி முந்தியதாயிற்று. கடிகாரங்கள் அரை மணி பின்வைக்கப்பட்டன. அன்று நண்பகலிலிருந்து ‘ஒரு நாள்’ கழித்தால் முந்திய நண்பகல் வரும். ‘24 மணி’ கழித்தால் முந்திய நாள் பிற்பகல் 12.30 வரும். கொழும்பு நேர வலயத்தை அறிந்த தரவுத்தளமே இவ்வேறுபாட்டைக் காணும். 14 ஆந் திகதி இரவு 10 மணி முதல் மறுநாட் காலை 6 மணி வரை காவல் நின்றவர் எட்டரை மணி உழைத்தார். வலயம் அறியாத கழித்தலோ அவருக்கு எட்டு மணிக் கூலியே கணிக்கும்.