மூன்றெழுத்துக் கட்டபொம்மன்

கோவில்பட்டியில் பஸ் ஏறி நாலுவழிச் சாலையில் தெற்கே போனால் கயத்தாறு, கங்கைகொண்டான், திருநெல்வேலி, நாங்குநேரி. அங்கிருந்து கிழக்கே ஒதுங்கினால் விஜயநாராயணம். கரிசல் தீர்ந்து மண் சிவந்துவிடும். அந்தக் காட்டுக்குள் கடற்படை நட்டு வைத்திருக்கும் கம்பங்களில் உயரமானது 471 மீட்டர். ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்று பெயர்ப்பலகை சொல்லும். கப்பல் ஒன்றும் அங்கே கிடையாது. கரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பல் பெயர் வைப்பது கடற்படை வழக்கம். 1990 அக்டோபர் 20 அன்று பணியில் சேர்ந்த இந்த நிலையத்துக்கு ஒரே வேலைதான். கடலுக்கு அடியில் மூச்சுக்காட்டாமல் கிடக்கும் நீர்மூழ்கிகளுக்குச் சேதி சொல்ல வேண்டும்.

வானொலியில் அதைக் கட்டபொம்மன் என்று யாரும் கூப்பிடுவதில்லை. அங்கே அது வி.டி.எக்ஸ். ராணுவத்தில் ஆளுக்கும் படைக்கும் கப்பலுக்கும் வானொலியில் வைத்துக்கொள்ளும் ‘கால் சைன்’கள் பற்றி எழுதச் சொன்னதும், இமயமலைக்கும் இங்கிலாந்துக்கும் போகும் முன்னால் நம் தென்கோடியில் நிற்கும் இந்த மூன்று எழுத்துகள்தான் நினைவுக்கு வந்தன.

எழுத்துகளை அவரவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. 1912-இல் லண்டனில் கூடிய மாநாட்டை ஒட்டி, எந்த நாட்டு நிலையம் எந்த எழுத்தில் தொடங்க வேண்டும் என்று பாகம் பிரித்தார்கள். அதற்கு முன்பு மார்க்கோனி கம்பெனியின் கருவி பூட்டிய கப்பல்களுக்கு ‘எம்’ முன்னால் நிற்கும். டைட்டானிக் மூழ்கும்போது எம்.ஜி.ஒய். என்று தன்னைச் சொல்லித்தான் உதவி கேட்டது. பாகப்பிரிவினையில் இன்று நம் பங்கு, வி.டி. முதல் வி.டபிள்யூ. வரை, ஏ.டி. முதல் ஏ.டபிள்யூ. வரை, 8டி முதல் 8ஒய் வரை. தூத்துக்குடி வாகைக்குளத்தில் இறங்கும் விமானத்தின் உடம்பில் வி.டி. என்று எழுதியிருப்பதும் இந்தக் கணக்கில்தான். ‘வைஸ்ராய் டெரிட்டரி’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளக்கத்தைத் தள்ளுங்கள். ‘வி’ வரிசை பிரிட்டிஷ் கொடியின் கீழ் இருந்த பல நாடுகளுக்கும் போனது. ஆஸ்திரேலிய விமானங்களில் இன்றும் வி.எச். இருக்கிறது; அங்கே எந்த வைஸ்ராயும் இருந்ததில்லை.

வி.டி.எக்ஸ். அனுப்பும் அலைவரிசைகளில் ஒன்று 18.2 கிலோஹெர்ட்ஸ். ஒரு அலையின் நீளம் பதினாறரை கிலோமீட்டர். அலையின் ஒரு நுனியைக் கோவில்பட்டியில் பிடித்தால் மறுநுனி எட்டயபுரத்தில் கிடக்கும். இவ்வளவு நீண்ட அலைதான் உப்புத்தண்ணீருக்குள் சில பத்து மீட்டராவது இறங்கும். பேச்சை ஏற்ற முடியாது. எழுத்தெழுத்தாக மெதுவாகத்தான் போகும். கீழே இருப்பவன் பதில் சொல்லவும் முடியாது. இந்த அலையை அனுப்பும் அளவுக்கு ஆன்டெனாவை எந்தக் கப்பலும் சுமக்காது. வேறு வழியில் பேசுவதற்காக மேலே வந்தால் எதிரிக்குத் தெரிந்துவிடும். சொல்பவன் சொல்லிக்கொண்டே இருப்பான், கேட்பவன் கேட்டுக்கொண்டே இருப்பான். இப்படிப்பட்ட நிலையத்துக்குக் கம்பத்தைச் சுற்றித் தரைக்குள் வயரை வலைபோலப் புதைக்க வேண்டும். நம் கரிசலில் நட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். மழையில் ஊதிக் கோடையில் வெடிக்கிற மண்ணில், வீட்டுக்கு அடித்த எர்த் கம்பியே சித்திரை வந்தால் மண்ணை விட்டு விலகி நிற்கிறது.

கட்டபொம்மன் பெயரை இதற்கு வைத்தவர்கள் யோசித்து வைத்தார்களோ என்னவோ, பொருத்தம் அபாரம். பாஞ்சாலங்குறிச்சிச் சீமையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. திருச்செந்தூரில் முருகனுக்கு உச்சிகால பூஜை முடிந்த பிறகுதான் அவர் சாப்பிடுவாராம். அதற்காகத் திருச்செந்தூரிலிருந்து கோட்டை வரைக்கும் வழிநெடுக மணி மண்டபங்கள். கோயிலில் மணி அடித்ததும் அடுத்த மண்டபத்தில் இருப்பவன் கேட்டு அடிப்பான், அவனைக் கேட்டு அடுத்தவன். ஊர் வாய்வழியாக வந்த கதைதான். ஆனாலும் ஒரு தகவல்தொடர்பு அதிகாரி போட்ட திட்டம் மாதிரி இருக்கிறது. மணி ஒன்றுதான், அர்த்தமும் ஒன்றுதான். பதில் அடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மண்டபத்திலும் ஒருவன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் அந்த மண்டபக்காரன்.

வி.டி.எக்ஸ். என்ன சொல்கிறது என்பது பூட்டிய சங்கேதம். ஆனால் அது சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். 2009 ஜூலை 22 முழுச் சூரிய கிரகணத்தின்போது கல்கத்தா ஆய்வாளர்கள் பல ஊர்களில் ரிசீவர் வைத்து, இந்த அலை கூடுவதையும் குறைவதையும் பதிந்து, வானத்தின் அயனி அடுக்கை அளந்தார்கள். விஞ்ஞானிக்கு இது வசதி. போர்க்களத்தில் இதுதான் ஆபத்து. சேதி புரியாவிட்டாலும் யார் யாரிடம், எங்கிருந்து, எத்தனை தடவை பேசுகிறார்கள் என்பதை வைத்தே எதிரி படை நகர்வைக் கணித்துவிடுவான். அதனால்தான் ராணுவக் கால் சைன் நாளுக்கு ஒன்றாக மாறும், அலைவரிசையும் கூடவே மாறும். நிலையான பெயர் வைத்துக்கொண்டு பேசுவது, யாரென்று எதிரிக்கு நாமே எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

1941-இல் ஜப்பான் கடற்படை நவம்பர் 1-ஆம் தேதி எல்லாக் கால் சைன்களையும் மாற்றியது. ஒரே மாதத்தில், டிசம்பர் 1-ஆம் தேதி, மறுபடியும் மாற்றியது. அமெரிக்க ஒட்டுக்கேட்பாளர்களுக்கு விமானந்தாங்கிகள் எங்கே என்று பிடி கிடைக்கவில்லை. ஆறே நாளில் பேர்ல் துறைமுகம் எரிந்தது. பெயர் மாறினாலும் கை மாறாது என்பதும் ஜப்பானியருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு தந்திக்காரனுக்கும் சாவியைத் தட்டுவதில் தனி நடை உண்டு, பழகிய காது அதைக் கண்டுபிடித்துவிடும். அதனால் கப்பல்கள் வாயை மூடிக்கொண்டு புறப்பட, கரையிலிருந்து போலிச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

களத்தில் பேசுகிற பெயர்கள் வேறு ரகம். பிரிட்டிஷ் ராணுவ வானொலியில் தளபதி ‘சன்ரே’, அவருக்கு அடுத்தவர் ‘சன்ரே மைனர்’, சிக்னல் அதிகாரி ‘ப்ரோன்டோ’, மருத்துவர் ‘ஸ்டார்லைட்’, பொறியாளர் ‘ஹோல்ட்ஃபாஸ்ட்’. ஒட்டுக்கேட்பவன் காதில் பதவி விழக் கூடாது என்பதற்காக வந்தவை, நாளடைவில் எல்லோருக்கும் தெரிந்த பட்டப்பெயர்களாகிவிட்டன. நம் சிக்னல்ஸ் படைப்பிரிவு 1911 பிப்ரவரி 15 அன்று பிறந்தது பிரிட்டிஷார் கையில்தான். வானொலிப் பேச்சுமுறையிலும் அந்த வாசனை உண்டு.

பேச்சுமுறைதான் எனக்கு இந்த விஷயத்தில் ருசியான இடம். முதலில் கூப்பிடப்படுபவன் பெயர், பிறகுதான் கூப்பிடுபவன் பெயர். தன் பெயர் காதில் விழுந்ததும் அவன் நிமிர்ந்துவிடுவான், மற்றவர்கள் ஒதுங்கிவிடலாம். ‘ரோஜர்’ என்றால் கேட்டுக்கொண்டேன் என்று மட்டும் பொருள். சரி, செய்கிறேன் என்பதற்கு ‘வில்கோ’. பழைய எழுத்து வரிசையில் ‘ஆர்’ எழுத்துக்கு ரோஜர் என்று பெயர். 1956-இல் வந்த புதிய வரிசையில் ‘ஆர்’ ரோமியோவாகிவிட்டது, ரோஜர் மட்டும் போக மறுத்துவிட்டது. சேதி சரியாகக் கேட்கவில்லை என்றால் ‘ரிபீட்’ என்று சொல்லக் கூடாது. பீரங்கிக்காரன் அகராதியில் அது அதே இடத்தில் மறுபடி சுடு என்று உத்தரவு. ‘சே அகெய்ன்’ என்றுதான் கேட்க வேண்டும். சினிமாவில் ஹீரோ கெத்தாகச் சொல்கிற ‘ஓவர் அண்ட் அவுட்’டைச் சிக்னல்காரர் கேட்டால் சிரிப்பார். ‘ஓவர்’ என்றால் முடித்துவிட்டேன், நீ பேசு. ‘அவுட்’ என்றால் பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம். ரெண்டையும் சேர்த்துச் சொன்னால் எதிராளி என்னதான் செய்வான்?

கார்கில் போரில் ஒரு பெயர் ரகசியத்தைத் தாண்டிப் புகழுக்குப் போனது. 1999 ஜூனில் 5140 என்று எண்ணிட்ட சிகரத்தைப் பிடித்த கேப்டன் விக்ரம் பத்ராவுக்கு வானொலியில் ‘ஷேர் ஷா’ என்று பெயர். வெற்றிச் செய்திக்கு அவர் தேர்ந்தெடுத்தது குளிர்பான விளம்பர வாசகமான ‘யே தில் மாங்கே மோர்’. அதே சண்டையில் இன்னொரு கம்பெனியின் வெற்றிச் சொல் ‘ஓ யெ யெ யெ’. இருபதுகளில் இருந்த பையன்கள், உயிர் போகிற இடத்தில் டி.வி. விளம்பரத்தை வைத்து விளையாடியிருக்கிறார்கள். ஷேர் ஷா என்ற பெயர் எதிர்த்தரப்பு வானொலியிலும் புழங்கியது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். வீரக்கதைக்கு இது அழகு. விதிமுறைப் புத்தகத்தின்படி, எதிரிக்குப் பெயர் பழகிவிட்டால் அதை மாற்றியாக வேண்டும்.

வானம் பார்த்த பூமியில் பட்டாளத்துச் சம்பளம் ஒரு போக வெள்ளாமைக்கு மேல். விளாத்திகுளம், புதூர், ஓட்டப்பிடாரம் பக்கமெல்லாம் பட்டாளம் போய்த் திரும்பியவர்கள் உண்டு. சிக்னல்ஸில் சேர்ந்தவர்கள் ஜபல்பூரிலோ கோவாவிலோ பயிற்சி எடுத்துவிட்டு, தொப்பியில் பறக்கும் மெர்க்குரியை ‘ஜிம்மி’ என்று செல்லமாகச் சொல்லிப் பழகி வந்திருப்பார்கள். ஊருக்கு வந்த பிறகு அவர்களுக்குப் பெரும்பாலும் பேங்க் வாசலிலோ ஏ.டி.எம். வாசலிலோ காவலுக்கு நிற்கிற வேலைதான் வாய்க்கிறது. இருபது வருஷம் கேட்கப் பழகிய காது அது. அதிகாலையில் ஆள்சேர்ப்புக்காக மைதானத்தைச் சுற்றி ஓடுகிற பையன்களுக்குக் காலுக்குத்தான் பயிற்சி கிடைக்கிறது, காதுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

எனக்குள்ள கவலை இதுதான், அதை மறைக்கப் போவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த வட்டாரம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. பஞ்சத்துக்குப் பழகிய கோவில்பட்டிப் பக்கத்திலேயே கண்மாய்கள் உடைத்துக்கொண்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடியில் ஜல்லியே இல்லை. மின்சாரம் போனது, செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஊமையாயின. யார் எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று பக்கத்து ஊருக்கே தெரியவில்லை. நீர்மூழ்கிக்குக் கடலுக்கடியில் சேதி சொல்கிற கம்பம் நிற்கும் மாவட்டத்துக்குப் பக்கத்தில், ஏரலிலிருந்து தூத்துக்குடிக்குச் சேதி போகவில்லை.

செயற்கைக்கோள் போன் இருக்கிறது, போலீஸ் மைக் இருக்கிறது, கவலை எதற்கு என்று கேட்பார்கள். இருக்கட்டும். அவை அதிகாரிகள் கையில் இருப்பவை. மண்டபத்துக்கு ஒருவன் வேண்டாமா?

2004 டிசம்பரில் அந்தமானில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே அமெச்சூர் வானொலிக்கு அனுமதி கிடைத்து, பாரதி பிரசாத் என்ற பெண்மணி வி.யூ.4ஆர்.பி.ஐ. என்ற கால் சைனோடு போர்ட் பிளேரில் இருந்தார். உலகம் முழுக்க இருக்கும் வானொலிப் பிரியர்களோடு பேசுவதற்காகப் போன குழு அது. 26-ஆம் தேதி ஆழிப்பேரலை அடித்தது. பொழுதுபோக்குக்காகக் கட்டிய ஆன்டெனா அந்த நிமிஷத்திலிருந்து தீவுக்கும் நாட்டுக்கும் இடையில் சேதி சுமந்தது. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்விகளும் பதில்களும் அதன் வழியாகப் போய் வந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் துடிக்கிற அந்த மாதிரி நேரத்தில் ஒருவர், ஒரே அலைவரிசையில் பேசுகிற கூட்டமான ‘நெட்’டை நடத்தி, முறைவைத்துக் கூப்பிட்டு, மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்ல வேண்டும். ராணுவம் எழுதி வைத்த பேச்சுமுறை ஊருக்கு உதவுவது அங்கேதான்.

பன்னிரண்டு வயது நிரம்பினால் மத்திய அரசு நடத்தும் அமெச்சூர் தேர்வை எழுதலாம். ‘ரெஸ்ட்ரிக்டட்’ நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை, பாசானால் வி.யூ.3 என்று தொடங்கும் பெயர் கிடைக்கும். ‘ஜெனரல்’ நிலைக்கு மோர்ஸ் உண்டு, வி.யூ.2 என்று தொடங்கும். ராணுவத்தில் நாளுக்கொரு பெயர் என்றால் இங்கே நேர்மாறு, நாள்தோறும் ஒரே பெயர், ஒளிப்பதற்கும் ஒன்றுமில்லை. மாநிலத்துக்குள் பேச 7 மெகாஹெர்ட்ஸ் போதும். அதற்கு இருபது மீட்டர் வயர், அதைக் கட்ட இரண்டு வேப்பமரம், ஒரு செட், ஒரு கார் பேட்டரி. மின்சாரமும் கோபுரமும் வேண்டாம். செட்டுக்குத்தான் செலவு, அதைப் பள்ளிக்கூடமோ பஞ்சாயத்தோ பொதுவில் வாங்கி வைக்கலாம். சொல்லிக்கொடுக்க ஆளுக்கு அலைய வேண்டியதில்லை, ஏ.டி.எம். வாசலில் நிற்பவரைக் கேட்டாலே போதும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. தேர்வுக்குப் படிக்க, செட் வாங்க, ஊருக்கு ஊர் ஒரு நேரம் குறித்து வாரம் ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்க, இந்தக் கோடை ஒன்று கையில் இருக்கிறது.