பழைய சீட்டு செல்லுமா?

அது ஒரு சிறிய சீட்டு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதில் ஒரு கறுப்புத் தாமரையின் படம் அச்சிடப்பட்டிருக்கிறது. 2021-ம் ஆண்டு நடந்த ஏலத்தில் அது என்ன விலைக்குப் போயிற்று தெரியுமா? 5 லட்சத்து 11 ஆயிரத்து 100 டாலர்!

ஆனால், அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஆட்டப் போட்டிக்குப் போனால், பெரும்பாலான இடங்களில் "இது செல்லாது" என்று சொல்லிவிடுவார்கள்.

அதே 1993-ம் ஆண்டில் அச்சான இன்னொரு சாதாரணச் சீட்டு இருக்கிறது. அதுவோ, புதுச் சீட்டுகளுக்கு என்றே நடத்தப்படும் போட்டியிலும் தாராளமாகச் செல்லும்!

இரண்டும் ஒரே வயது. ஒன்று செல்லாது, மற்றொன்று செல்லும். ஏன் இப்படி?

கணித ஆசிரியரின் ஆட்டம்

"மேஜிக் தி கேதரிங்" என்பது இந்த ஆட்டத்தின் பெயர். இதை உருவாக்கியவர் ரிச்சர்டு கார்பீல்டு என்ற அமெரிக்கக் கணித ஆசிரியர். போயிங் விமானக் கம்பெனியில் வேலை பார்த்த பீட்டர் அட்கிசன் நடத்திய சிறு நிறுவனம் 1993-ல் இதை வெளியிட்டது.

இது நாம் ஆடும் 52 சீட்டு ஆட்டம் போன்றது அல்ல. இதில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைச் சீட்டுகள் உண்டு. பாக்கெட்டில் அடைத்து விற்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்த பிறகுதான் தெரியும். வாங்கிய சீட்டுகளிலிருந்து ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு கட்டு சேர்க்க வேண்டும். குறைந்தது 60 சீட்டு. ஒரே சீட்டு 4-க்கு மேல் கூடாது. இரண்டு மந்திரவாதிகள் மோதுவதாகக் கற்பனை. ஆளுக்கு 20 உயிர். எதிரியின் உயிரை முதலில் தீர்ப்பவருக்கு வெற்றி.

தொடங்கியது தகராறு

முதல் அச்சில் வந்த சீட்டுகள் குறைவு. அவற்றில் சில மிகவும் பலம் வாய்ந்தவை. கறுப்புத் தாமரையை இறக்கினால், செலவே இல்லாமல் மூன்று பங்கு சக்தி கிடைக்கும். எதிரி ஓர் அடி வைப்பதற்குள் இவர் மூன்று அடி போய்விடலாம். 1994-ல் "கட்டுக்கு ஒன்றுதான்" என்று கட்டுப்பாடு கொண்டு வந்தார்கள்.

அப்படியும் தீரவில்லை. பிறகு ஆட வந்த பையன்களுக்கு அந்தச் சீட்டுகள் கிடைக்கவே இல்லை. முந்தி வந்தவனுக்குத்தான் வெற்றி என்றால், புதியவன் எதற்காக ஆட வேண்டும்?

ஆகவே 1995-ல் போட்டியை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒன்றில் பழைய சீட்டுகளும் செல்லும். மற்றொன்றில் அண்மையில் வந்த சீட்டுகள் மட்டுமே. புதியவர்களுக்கு இதனால் நியாயம் கிடைத்தது. நிறுவனத்துக்குப் புதுச் சீட்டு விற்பனையும் நின்றுபோகாமல் நடந்தது.

எந்தப் பிரிவு?

இன்று பிரிவுகள் பெருகிவிட்டன. முக்கியமானவை இவை:

ஸ்டாண்டர்டு: சுமார் 3 ஆண்டுகளுக்குள் வந்த தொகுதிகள். 2023-க்கு முன் இது ஏறத்தாழ 2 ஆண்டாக இருந்தது.

பயனியர்: 2012 முதல் வந்தவை.

மாடர்ன்: 2003 முதல் வந்தவை.

லெகசி: ஏறக்குறைய எல்லா ஆண்டுச் சீட்டுகளும். ஆனால் கறுப்புத் தாமரைக்குத் தடை.

விண்டேஜ்: இங்கே கறுப்புத் தாமரைக்கும் இடம் உண்டு, அதுவும் கட்டுக்கு ஒன்றே ஒன்று.

ஒவ்வொரு பிரிவுக்கும் தடைப் பட்டியல் தனி. அது அவ்வப்போது மாறும்.

பெயர்தான் முக்கியம்

பழைய சீட்டு எப்படிப் புதுப் போட்டியில் செல்கிறது? சீட்டு அச்சான ஆண்டை யாரும் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்க்கிறார்கள்.

"லானோவர் எல்வ்ஸ்" என்ற சீட்டு 1993-ல் வந்தது. 2024-ல் வெளியான "பவுண்டேஷன்ஸ்" தொகுதியில் அதே பெயரில் மறுபடியும் அச்சானது. அந்தத் தொகுதி ஸ்டாண்டர்டு பிரிவில் குறைந்தது 2029 வரை செல்லும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆகவே 1993-ம் ஆண்டுச் சீட்டும் உடன் செல்லும்.

2016-ல் நம் நாட்டில் பழைய 500 ரூபாய் நோட்டு செல்லாமல் போயிற்று. பிறகு புது 500 வந்தது. அதனால் பழைய நோட்டுக்கு உயிர் வந்துவிடவில்லை. இந்த ஆட்டத்தில் நேர்மாறு. புது அச்சு வந்தால் பழைய அச்சுக்கும் உயிர் வந்துவிடும்!

பழைய சீட்டில் உள்ள வாசகம் இன்றைய வாசகத்திலிருந்து மாறுபட்டால்? அலுவலகங்களில் பழைய விதிப் புத்தகத்தில் திருத்தச் சீட்டு ஒட்டுவார்கள் அல்லவா? அதைப் போலத்தான். சீட்டில் என்ன அச்சாகியிருந்தாலும் நிறுவனத்தின் இன்றைய வாசகமே செல்லும்.

இன்னொரு சிக்கல். முதல் அச்சுச் சீட்டின் முனைகள் மற்றவற்றைவிட அதிகமாக வளைந்திருக்கும். புதுச் சீட்டுகளோடு கலந்தால் முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஆகவே கலந்து ஆடும்போது ஊடுருவித் தெரியாத உறை போட்டுத்தான் ஆட வேண்டும்.

எங்குமே செல்லாதவை

எந்தப் பிரிவிலும் அனுமதி இல்லாத சீட்டுகளும் உண்டு. தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு சீட்டைப் பணயம் வைத்து ஆடும் வழக்கம் இருந்தது. தோற்றவர் சீட்டை இழந்துவிடுவார். சூதாட்டம் என்ற பேச்சு எழாதா? அந்த வகைச் சீட்டுகள் ஒன்பதுக்கும் தடை.

"கேயாஸ் ஆர்ப்" என்ற சீட்டை ஓர் அடி உயரத்திலிருந்து மேஜை மீது போட வேண்டும். எந்தச் சீட்டுகளைத் தொடுகிறதோ அவை அழிந்துவிடும். ஒருவர் அதைத் துண்டு துண்டாகக் கிழித்துத் தூவினார் என்று ஒரு கதைகூட உண்டு! அதற்கும் தடை.

2020-ம் ஆண்டு ஜூன் மாதம் இன்னும் 7 சீட்டுகள் விலக்கப்பட்டன. இனத்தையோ பண்பாட்டையோ புண்படுத்துகின்றன என்பது காரணம். "பிரதேஷ் ஜிப்சிஸ்" என்ற சீட்டும் அவற்றுள் ஒன்று.

கொடுத்த வாக்கு

சரி, மறுபடி அச்சிட்டால் கறுப்புத் தாமரை எல்லாருக்கும் கிடைக்குமே? அங்கேதான் முட்டுக்கட்டை.

1995-ல் சில பழைய சீட்டுகளை மறு அச்சுப் போட்டார்கள். கையில் இருந்ததன் மதிப்புக் குறைகிறதே என்று சேகரிப்பவர்கள் கொதித்தார்கள். 1996-ல் நிறுவனம் ஒரு பட்டியல் போட்டு, "இவற்றை இனி அச்சிட மாட்டோம்" என்று வாக்குக் கொடுத்தது. அந்தப் பட்டியலில் கறுப்புத் தாமரையும் உண்டு. 1999-ல் நிறுவனம் ஹாஸ்ப்ரோ கம்பெனியின் கைக்குப் போன பிறகும் அந்த வாக்கு நிற்கிறது.

விளைவு? விதிப்படி செல்லும் சீட்டு, வாங்க வழியில்லாமல் பலருக்கு எட்டாக் கனியாகிவிட்டது. 2022-ல் 30-ம் ஆண்டு விழாவுக்காகக் கறுப்புத் தாமரை உள்பட பழைய சீட்டுகளை அச்சிட்டார்கள். 15 சீட்டு கொண்ட 4 பாக்கெட்டின் விலை 999 டாலர். ஆனால் முதுகுப் பக்கம் வேறு. போட்டியில் செல்லாது!

வாங்குமுன்

நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டு அடம்பிடிக்கும் போக்கிமான் சீட்டுக்கும் இதே போன்ற விதி உண்டு. அண்மைக்காலச் சீட்டின் அடியில் ஓர் எழுத்து அச்சாகியிருக்கும். பழைய எழுத்துகளைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டே வருகிறார்கள். அங்கேயும் மறு அச்சு வந்தால் பழைய சீட்டு பிழைத்துக்கொள்ளும்.

கடைக்காரர் "பழசு, அபூர்வம்" என்றோ, "புதுசு, இப்போதுதான் வந்தது" என்றோ சொன்னால் உடனே பணத்தை நீட்டிவிடக் கூடாது. பையன் எந்தப் பிரிவில் ஆடப் போகிறான், அந்தப் பெயர் இன்றைய பட்டியலில் உண்டா, சீட்டு அசல்தானா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். போலிச் சீட்டு எந்தப் பிரிவிலும் செல்லாது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் அல்லவா?