ஆறு பேர் வீட்டின் கணக்கு

கொழும்பு மாளிகாவத்தைத் தொடர்மாடியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர், மாதச் செலவு 36,000 ரூபா. தலைக்கு 6,000. 2019இல் இலங்கையின் உத்தியோகபூர்வ வறுமைக் கோடு மாதம் தலைக்கு 6,966 ரூபா. ஆகவே அந்த வீடு கோட்டுக்குக் கீழே. இதையே கணினியில் போடுகிறவர், மொத்தச் செலவை ஆட்கணக்கால் வகுக்கும் கட்டளை வரியை ஓட்டாமல் விட்டால்? தலைக்கு 36,000 என்று நிற்கும், குடும்பம் வசதியானதாகிவிடும். அதே வரியை இரண்டு தடவை ஓட்டினால் தலைக்கு 1,000. கணினி இரண்டுக்கும் முகம் சுளிக்காது.

ஸ்கிரிப்ட் என்பது மேலிருந்து கீழாக ஓட வேண்டிய கட்டளை வரிசை. இருநூறு வரியையும் ஒவ்வொரு தடவையும் ஓட்ட யாருக்குப் பொறுமை? நடுவில் நாலு வரியை மவுஸால் பிடித்து ஓட்டுவோம். நானும் செய்கிறவன்தான். சோதித்துப் பார்க்க நல்ல வசதி; அப்படி வந்த விடையையே அறிக்கையில் எழுதுவதுதான் வினை. ‘ஆர்’ மென்பொருளில் காலையில் உருவாக்கிய அட்டவணை மாலைவரை நினைவகத்தில் கிடக்கும். மேலே ஒரு வரியைத் திருத்திவிட்டு ஓட்ட மறந்தால், கீழ்வரி பழையதையே எடுத்துக்கொள்ளும். ‘ஸ்டேட்டா’ என்ற மென்பொருள் இன்னும் கள்ளத்தனம். ‘லோக்கல்’ என்று மேலே பெயரிட்ட மாறிப் பட்டியல், கீழ்வரியை மட்டும் தனியே ஓட்டும்போது வெறுமையாகிவிடும். பிழைச் செய்தி இல்லாமலே, அந்த மாறிகளைச் சேர்க்காத விடை வந்து விழும்.

இப்படிச் சத்தமில்லாமல் நுழையும் பிழையில் பெரிய ஆட்களும் தப்பவில்லை. ரைன்ஹார்ட், ரோகோஃப் என்ற பொருளியலாளர் இருவர் 2010இல் அரசுக் கடனைப் பற்றி எழுதிய கட்டுரையில், எக்செல் சராசரிக்குள் ஐந்து நாடுகளின் வரிசைகள் சேராமல் போயின. 2013இல் அதைக் கண்டுபிடித்தவர் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர். அவரிடம் அந்தக் கோப்பு இருந்தது; அதனால்தான் பிடிபட்டது.

2020 மே மாதம் இதே மாளிகாவத்தையில், தனியார் ஒருவர் கொடுத்த தர்மப் பணத்துக்காக நெரிசலில் மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள். உதவி யாருக்குப் போகிறது என்பது இங்கே அவ்வளவு கனமான கேள்வி. 2023இல் வந்த அஸ்வெசும என்ற அரசின் நலன்புரித் திட்டம் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களைத் தரம்பிரித்தது. அதில் இந்தப் பிழை நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எண்ணால் தீர்ப்பு வரும் இடத்தில் எண் வந்த வழியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கணக்குப் போடுகிறவர்களுக்கு: மூலத் தரவின் மேலேயே எழுதாதீர்கள். வகுத்த தொகைக்குப் புதுப் பெயர் கொடுங்கள். இரண்டு தடவை ஓடினாலும் விடை மாறாது. அறிக்கை கொடுக்குமுன் மென்பொருளை மூடித் திறந்து, ஸ்கிரிப்டை முதல் வரியிலிருந்து ஓட்டிப் பாருங்கள். அதே எண் வராவிட்டால் அந்த எண்ணை வெளியே விடாதீர்கள்.

அஸ்வெசும பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு: மேன்முறையீட்டுக் காலம் திறந்திருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். கூடவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள்: “என் குடும்பத்துக்கு ஒவ்வொரு குறிகாட்டியிலும் என்ன பதிவாகியுள்ளது? மொத்தம் எப்படிக் கணிக்கப்பட்டது?” 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையிடலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை.