பாடும் சபையும் கேட்கும் சபையும்

ஆராதனைப் பாடல்கள் மாறிவிட்டனவென்று மூத்தோர் வருந்துவது எல்லாத் தலைமுறையிலும் உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரிமாரின் வழியாக, ஐரோப்பிய இராகங்களில் அமைந்த ஞானப்பாட்டுகள் தமிழ்ச் சபைக்கு வந்தன. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக இசையில் கீர்த்தனைகளை இயற்றினார்; அவற்றையும் சேர்த்து எட்வர்டு வெப் என்னும் அமெரிக்க மிஷனரி 1853இல் ஒரு பாடல் நூலை வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு (1940–2005), கீர்த்தனையும் கிராம மக்களுக்கு எட்டாததெனக் கண்டு, நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டையே அமைத்தார். ஒரு காலத்தின் புதுமை மறுகாலத்தின் மரபாயிற்று.

ஆயினும் இம்மூன்றிலும் பாடியது சபையே. ஒலிநாடாவும் கைப்பேசியும் கொணர்ந்த மாற்றம் வேறு வகையானது. வேங்கிக்கால் போன்ற ஊர்களில், பார்வை மங்கிய பாட்டியும் கீர்த்தனையை மனப்பாடமாய்ப் பாடுகிறார். பேரனோ நூறு பாடல்களைக் கேட்டும் ஒன்றையேனும் முழுமையாய்ப் பாட அறியான். ஆலயத்திலும் ஒலிவாங்கியின் முன் நிற்போர் பாட, மற்றவர் கேட்கின்றனர். கொலோசெயர் 3:16 பாட்டை விசுவாசிகள் ஒருவருக்கொருவர் அளிக்கும் போதனையாகக் காண்கிறது. கேட்க மட்டுமே அறிந்த சபை அப்போதனையை இழக்கிறது.

ஆகவே, எந்த இராகம் என்பதன்று நம் முதற்கேள்வி. எல்லாரும் பாடுகிறார்களா என்பதே. சுருதியைத் தாழ்த்துவோம், ஒலிபெருக்கியைச் சற்றே அடக்குவோம், மாதந்தோறும் ஒரு புதுப்பாடலையும் ஒரு பழம்பாடலையும் சபைக்குக் கற்றுக்கொடுப்போம்.