ஒரு சைஸ் பெரிய டயர் போடலாமா?

செங்குன்றத்தைத் தாண்டி ஜி.என்.டி. சாலையில் சோழவரம், காரனோடை, தச்சூர் கூட்டுரோடு என்று போனால் வழியெங்கும் டயர் கடைகளும் பஞ்சர் கடைகளும் தென்படும். செங்குன்றத்து அரிசி மூட்டையும் கும்மிடிப்பூண்டி ஆலைகளின் இரும்புக் கம்பியும் ஏற்றிக்கொண்டு இரவு பகலாக ஓடும் பிக்கப் வண்டிகள் அவற்றை வாழவைக்கின்றன. டயர் மாற்ற வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அண்ணே, ஒரு சைஸ் பெருசா போட்டுக்கலாமா?” வண்டி கொஞ்சம் உயரும், பார்க்கக் கம்பீரமாக இருக்கும், கூடுதல் லோடு தாங்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். முதல் இரண்டும் நடக்கும். மூன்றாவது நடக்காது. அதை நம்பித்தான் பலர் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

டயரின் பக்கவாட்டில் 195/80 R15 என்று அச்சிட்டிருந்தால், அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். ரிம்முக்கு 381 மி.மீ., மேலும் கீழும் பக்கச்சுவருக்கு 156, 156. மொத்த விட்டம் 693 மி.மீ. இதற்குப் பதிலாக 215/75 R15 போட்டால் விட்டம் 703.5 ஆகிறது. ஒன்றரை சதவீதம்தான் அதிகம். 235/75 R15 என்றால் 733.5. கிட்டத்தட்ட ஆறு சதவீதம். டயர் வியாபாரத்தில் மூன்று சதவீதத்தை எல்லையாக வைத்துக்கொள்வது வழக்கம். கடையில் இரண்டையும் “ஒரு சைஸ் பெருசு” என்றே சொன்னாலும், ஒன்று எல்லைக்குள் இருக்கிறது, மற்றது அதைத் தாண்டி வெகுதூரம் போய்விடுகிறது.

இத்தனைக்கும் 40 மி.மீ. விட்டம் கூடினால் வண்டி உயர்வது அதில் பாதி, 20 மி.மீ. மட்டுமே.

இந்த 20 மி.மீ.க்குக் கொடுக்கும் விலையைப் பார்ப்போம். 693 மி.மீ. டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 459 சுற்று சுற்றும். 733.5 மி.மீ. டயருக்கு 434 சுற்றே போதும். வண்டியின் மீட்டர் தூரத்தை அளப்பதில்லை, சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. ஆகவே முள் 80 காட்டும்போது முன்பைவிட ஏறக்குறைய 5 கி.மீ. அதிக வேகத்தில் வண்டி போய்க்கொண்டிருக்கும். கம்பெனிகள் வேகமானியைச் சற்றுக் கூட்டிக் காட்டும்படி அமைப்பது வழக்கம். அந்தப் பாதுகாப்பு இடைவெளியைப் பெரிய டயர் தின்றுவிடுகிறது. “டயர் மாத்தினதுல இருந்து மைலேஜ் போச்சு” என்ற புலம்பலிலும் பாதி இதுதான். நிஜமாக 100 கி.மீ. ஓடினால் மீட்டரில் 94.5 மட்டுமே ஏறும். லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி, டீசல் ஒரு சொட்டு கூடுதலாகக் குடிக்காவிட்டாலும் 13.2 என்றுதான் கணக்குக் காட்டும்.

சோழவரம் மண்ணுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் இங்கே இருந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் பல்லாண்டுகள் கார், பைக் பந்தயங்களை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கப்பட்ட பிறகே பந்தயம் அங்கே இடம்பெயர்ந்தது. பந்தய மெக்கானிக்குக்கு டயரின் விட்டமும் ஒரு கியர்தான். பெரிய டயர் போட்டால் ஓட்டத்தில் வேகம் கூடும், கிளம்பும்போது இழுவை குறையும். லோடு பிக்கப்புக்கு வேண்டியதோ கிளம்பும்போதுள்ள இழுவை. அது குறைந்தால் டிரைவர் கிளட்சைப் பாதி மிதித்தபடியே வண்டியை நகர்த்துவார், கிளட்ச் பிளேட் தேயும். பிரேக்கின் கதையும் இதேதான். பிரேக் தரும் முறுக்கு விசை மாறாது. ஆனால் சக்கரத்தின் ஆரம் கூடிவிட்டதால், அதே அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்துவிசை ஐந்தரை சதவீதம் குறையும். முன்னால் போகும் டிரெய்லர் சட்டென்று நிற்கும்போது அந்த ஐந்தரை சதவீதம் சின்ன விஷயமல்ல.

இப்போது பாரத்துக்கு வருவோம். வண்டியின் எடையைச் சுமப்பதில் பெரும்பங்கு ரப்பருக்கல்ல, உள்ளே அடைத்திருக்கும் காற்றுக்கு. ஒரு சக்கரத்தின் மேல் 900 கிலோ, உள்ளே 65 பி.எஸ்.ஐ. காற்று என்றால் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர செ.மீ. ஒன்றரை தபால் அட்டை அளவு. அகல டயர் போட்டாலும் அதே காற்றழுத்தத்தில் இந்தப் பரப்பு பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறும்.

எவ்வளவு காற்றை, எவ்வளவு பாரத்தை டயர் தாங்கும் என்பது பக்கவாட்டிலேயே இருக்கிறது. சரக்கு பிக்கப்பின் டயரில் எல்.டி. என்ற குறியும் 106/104 போன்ற எண்களும் இருக்கும். 106 என்றால் ஒற்றைச் சக்கரத்துக்கு 950 கிலோ. எஸ்.யூ.வி.க்கான 235/75 R15 டயரில் 105 என்று இருந்தால் அது 925 கிலோதான். பார்க்கப் பெரியது, சுமப்பதில் சிறியது! லோடு ஏற்றுகிறோமே என்று அதில் பழையபடி 65 பி.எஸ்.ஐ. அடித்தால், அந்த டயருக்கு எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தை அது தாண்டிவிடக்கூடும். ரிம்மும் பொருந்த வேண்டும். 235/75 R15க்குக் குறைந்தது 6 அங்குல அகல ரிம் தேவை. ஒடுங்கிய ரிம்மில் மாட்டினால் பட்டன் நடுவில் மட்டும் தேயும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போதோ, பாரத்தில் ஸ்பிரிங் பட்டை அமுங்கும்போதோ பெரிய டயர் மட்கார்டில் உரசும்.

எல்லாம் பொருந்தினாலும் அச்சு, ஸ்பிரிங், பிரேக் மூன்றும் பழையவைதான். வண்டியின் சுமைத்திறன் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதுதான், டயர் அதைக் கூட்டாது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது.

டயர் வாங்கப் போகும்முன் வண்டியின் கையேட்டையோ கதவோரத்து ஸ்டிக்கரையோ பாருங்கள். கம்பெனி அதே மாடலுக்கு வேறொரு அளவை அனுமதித்திருந்தால் தாராளமாகப் போடுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து மாற்றுங்கள். அனுமதிக்கவில்லை என்றால் பழைய அளவையே வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல காற்றழுத்தமானி ஒன்று வாங்கி, லோடு ஏற்றும்முன், டயர் சூடாகாதபோது, காற்றைச் சரிபாருங்கள்.