ரிங்லெட் ஏரி தூர்ந்தால் யாருக்கு ஆபத்து?



ஓய்வு நாளில் தூண்டிலோடு ரிங்லெட் ஏரிக்கரையில் உட்கார்ந்தால், வாரம் முழுக்கக் கொழுந்து பறித்த களைப்பு பறந்துவிடும். ஆனால் பெருமழை ஓய்ந்ததும் போய்ப் பாருங்கள். “என்னண்ணே, ஏரித் தண்ணி பால் தேத்தண்ணி மாதிரி கெடக்கு?” என்று கேட்கத் தோன்றும்.

இது இயற்கை ஏரி அல்ல. 1963-இல் பெர்தாம் ஆற்றின் குறுக்கே கட்டிய சுல்தான் அபு பக்கார் அணையால் உண்டானது. தெலோம் ஆற்றுத் தண்ணீரும் சுரங்கம் வழியாக இங்கே வந்து சேருகிறது. இந்தத் தண்ணீர்தான் ஜோர் மின்நிலையத்தில் மின்சாரமாகிறது. ஏறத்தாழ 67 லட்சம் கன மீட்டர் கொள்ளும்படி கட்டினார்கள். 2013-க்குள் அதில் பாதியளவை மண் பிடித்துக்கொண்டது!

மண் எங்கிருந்து வந்தது? தேயிலைச் செடி நெருங்கி வளர்ந்தால் மண்ணை மூடிக் காக்கும். ஆனால் காய்கறித் தோட்டத்துக்கும் கட்டடத்துக்கும் காட்டை வெட்டி, சரிவை மொட்டையடித்தால் மழை சும்மா விடுமா? மேல்மண்ணை வழித்து ஆற்றில் இறக்கும். பிளாஸ்டிக் கூரையில் விழுகிற மழையும் பூமியில் ஊறாமல் ஒரே ஓட்டமாக ஓடிவரும்.

“ஏரிதானே, தூர்ந்தால் தூரட்டும்” என்று இருக்க முடியாது. இடம் குறைந்த ஏரி பெருமழையில் சீக்கிரம் நிரம்பும். அணையைக் காக்க மதகைத் திறந்தே ஆகவேண்டும். 2013 அக்டோபர் 23 அன்று நள்ளிரவுக்குப் பின் அதுதான் நடந்தது. அணைக்குக் கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறும் வெள்ளமும் பாய்ந்தன. வீடுகள் போயின, உயிர்களும் போயின. அங்கே மாண்டவர்களும் நம்மைப்போன்ற மனிதர்கள்தானே!

ஏரி மண்ணை வாரும் வேலையைத் தெனாகா நேஷனல் செய்து வந்திருக்கிறது. ஆனால் அடுப்பை அணைக்காமல் பொங்குகிற பாலை ஊதி என்ன பயன்? மேலே சரிவைக் காக்காமல் கீழே எத்தனை நாள் வாருவது?

நாம் செய்யக்கூடியதும் உண்டு. லயத்துக் குப்பையை ஓடையில் கொட்டாதீர்கள். வீட்டுப் பின்னால் கீரைப் பாத்தி போடுகிறவர்கள் சரிவுக்குக் குறுக்கே பாத்தி கட்டுங்கள். ஓரத்தில் புல்லை விட்டுவையுங்கள். அனுமதியில்லாமல் காடு வெட்டுவதைக் கண்டால் மாவட்ட அலுவலகத்தில் நாலு பேராகச் சேர்ந்து சொல்லுங்கள். அணைக்குக் கீழே இருப்பவர்கள் சங்கு ஊதினால் எந்த வழியாக மேடேறுவது என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

ஏரியைக் காப்பது கீழே உறங்குகிறவன் உயிரைக் காப்பது. மறந்துவிடாதீர்கள்!